மூட்டையின் மேலே பொக்கு

அடிவாரத்து ஊரில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மிளகு மண்டி. கொல்லிமலையிலிருந்து இறங்கும் மிளகும் காப்பிக்கொட்டையும் கடுக்காயும் அவர் கைபட்டுத்தான் நாமக்கல், சேலம் என்று போகும். யார் மூட்டையை அவிழ்த்தாலும் அவர் மேலே பார்க்கவே மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். மேலே மணிமணியாக இருக்கும், அடியில் பொக்கு இருக்கும். ஊர் உலகமே அப்படித்தான் மூட்டை கட்டுகிறது, இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்பார்.

மலைமேல் வாசலூர்பட்டியிலிருந்து வரும் ஒரு வீட்டு மூட்டை மட்டும் நேர்மாறாக இருக்கும். அவிழ்த்ததும் உள்ளீடில்லாத பொக்கு மிளகும் காம்பும் தூசியும்தான் கண்ணில் படும். அதை வழித்து ஒதுக்கிவிட்டால் அடிவரைக்கும் முதல்தரம். அந்த வகையறாவிலேயே அப்படித்தானாம். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, "புள்ளைக்குக் கோவம் வந்தா ரெண்டு நாளைக்குப் பேச மாட்டாளுங்க, காலையில எந்திரிக்க மாட்டாளுங்க" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் காப்பியே கொடுப்பார்கள். அதைக் கேட்டும் உட்கார்ந்திருந்தால் சம்பந்தம் பேசுவார்கள். செருப்பைத் தேடினால் சந்தோஷமாக வழியனுப்பிவிடுவார்கள்.

அந்த வீட்டு அம்மாவை நான் சின்னம்மா என்பேன், அவர் வீட்டுக்காரரைச் சித்தப்பா என்பேன். அவர்கள் மலையில் தலைமுறை தலைமுறையாக வெள்ளாமை செய்கிறவர்கள், நாங்கள் கீழே கடை வைத்திருக்கிற முஸ்லிம் வீடு. ஆனாலும் மூட்டை இறக்க வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் அவர்கள் திரும்பி மலையேறியது கிடையாது. அத்தா சித்தப்பாவை "என் தம்பி" என்றுதான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்.

நான் சொல்வது இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில். கம்ப்யூட்டரில் டிப்ளமோ படித்துவிட்டு, மண்டிக்கு மேலே மாடியில் நாலு பெட்டிகளைப் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பொம்பளைப் பிள்ளை கடை வைப்பதா என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தபோது, "ஏன், மிளகு மண்டி வெச்சாத்தான் மார்க்கமா?" என்று கேட்டவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், இந்தக் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதும் என் தொழில்தான். லாரி பாடி கட்டுகிறவர் ஒருத்தர், கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர், அப்புறம் சின்னம்மா.

வாசலூர்பட்டியில் படகு விடுகிற ஏரிக்குப் பக்கத்தில்தான் அவர்கள் காடு. ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காகச் சித்தப்பா இரண்டு ரூம்களைக் கட்டி முடித்திருந்தார். காரணம் அவர்களுடைய ஒரே மகள். மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். ஒண்டிக்குடித்தனத்தில் பேத்தி பஞ்சுத்தூசியில் இருமிக்கொண்டே வளர்ந்தது. ரூம் ஓடினால் மூன்று பேரையும் ஊருக்கே கூப்பிட்டுக்கொள்ளலாம். மகள் சமையலையும் ரூமையும் பார்ப்பாள், மருமகன் ஜீப் ஓட்டுவான். ரூம் ஓடாவிட்டால் திருப்பூர்தான். சின்னம்மா இதை ஒரு தடவைதான் சொன்னார். சொன்னபோது கையிலிருந்த சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

சின்னம்மா சொல்லச் சொல்ல முதல் பக்கத்தை எழுதினேன்.

"மொதல்ல எழுவது கொண்டை ஊசி வளைவப் போடு கண்ணு. காருல வந்தாலும் கொமட்டும்னு போடு. மழைக்காலத்துல அட்டை ஏறும். கரண்டு நெனச்சா வரும், நெனச்சாப் போவும். டாக்டரப் பாக்கோணும்னா கீழதான் எறங்கோணும். மாசமா இருக்கறவங்க, நெஞ்சுவலிக்காரங்க தயவுபண்ணி வர வேண்டாம். இத்தனையும் ஒத்துக்கறவங்களுக்கு ரெண்டு ரூம்பு இருக்குது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? ஏரி இருக்குதுன்னு எப்ப சின்னம்மா சொல்றது?"

"அது வந்தாத் தெரியப்போவுது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அப்படியே போட்டேன். என் பங்குக்கு நானும் அநியாயம் செய்யாமலில்லை. பக்கம் திறந்ததும் புல்லாங்குழல் ஊதும்படி வைத்தேன், நிறுத்த வழி வைக்கவில்லை. தலைப்பு இடமிருந்து வலம் ஓடிக்கொண்டே இருக்கும். கையில் கிடைத்த தலைப்புக்கெல்லாம் ஒரு பட்டன் என்று பக்கம் பூராவும் பட்டனாக இருந்தது. அருவிக்கு ஒன்று, அன்னாசிக்கு ஒன்று, சோளக்காடு ஊர்ச் சந்தைக்கு ஒன்று. எதை அழுத்துவது என்று எனக்கே தெரியாது.

யார் எந்தப் பக்கத்தில் நுழைந்தார்கள், எங்கிருந்து கிளம்பினார்கள் என்று பார்க்க ஒரு வசதி இருந்தது. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அதைத்தான் பார்ப்பேன். வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். எல்லோரும் முதல் பக்கத்திலேயே வந்த வேகத்தில் மூடிவிட்டுப் போனார்கள். உள்ளே ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ரூம்கள் இரண்டும் பெயிண்ட் வாசனையோடு பூட்டிக் கிடந்தன.

சரி, ஏன் போகிறார்கள் என்று கண்ணாலேயே பார்த்துவிடுவோம் என்று, சென்டருக்கு வருகிறவர்களை உட்கார வைத்து, "அஞ்சு நிமிஷம் ஓசி, இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று பின்னால் நின்றுகொள்வேன். ஒருத்தர் குழல் சத்தத்தை நிறுத்தத் தெரியாமல் திணறி ஜன்னலையே மூடினார். ஒரு அம்மா வாடகை எவ்வளவு என்று தேடித் தேடிச் சலித்துப்போய் எழுந்துவிட்டார். புதிதாகக் கல்யாணமான பையன் ஒருவன் அட்டை என்று படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இங்க இல்ல தம்பி, மலையிலதான்" என்றேன். அவன் போனவன் போனவன்தான்.

அதற்கப்புறம் வெறி வந்தவள் மாதிரி உட்கார்ந்து மாற்றினேன். குழலைத் தூக்கினேன், ஓடிய எழுத்தை நிறுத்தினேன். நானே மலைக்குப் போய், விடிகாலையில் ஏரி மேல் பனி படுத்திருந்தபோது அந்த வீட்டு முற்றத்திலிருந்து ஒரு படம் எடுத்தேன். டெலிபோன் லைனில் சீக்கிரம் இறங்குகிற மாதிரி அதைச் சின்னதாக்கி முதல் பக்கத்தில் வைத்தேன். அதற்குக் கீழே வாடகை. அதற்கும் கீழே மூன்றே மூன்று பட்டன்கள்: ரூம்கள், சுற்றிப் பார்க்க, வரும் வழி. போன் செய்ய யோசிக்கிறவர்களுக்காக, பெயரையும் நம்பரையும் தேதியையும் நிரப்பி அனுப்ப ஒரு பக்கம் வைத்தேன். அது நேராக எனக்கு மெயிலாக வரும், நான் "வாருங்கள்" என்று பதில் போட்டுவிட்டு மலைக்குத் தகவல் சொல்வேன். ஒரு பக்கத்தைப் பார்த்து முடித்த இடத்தில் அடுத்த பக்கத்துக்கு வழி இருக்க வேண்டும், வந்தவர் கை சும்மா இருக்கக்கூடாது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பின்னால் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

வளைவையும் அட்டையையும் டாக்டரையும் என்ன செய்வது? எடுத்துவிடவில்லை. 'மற்ற தகவல்கள்' என்று கடைசியில் ஒரு பக்கம் திறந்து, பொடி எழுத்தில் அங்கே கொண்டுபோய் வைத்தேன். வரும் வழியில் மட்டும், 'எழுபது அழகான வளைவுகளைக் கடந்து' என்று எழுதினேன். குமட்டல் போய் அழகு வந்துவிட்டது.

சின்னம்மாவிடம் கேட்காமல் செய்யவில்லை. மண்டிக்கு வந்தபோது மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். படத்தைப் பார்த்ததும், "எங்கூட்டு ஏரிதானா இது?" என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "வளைவு எங்க கண்ணு?" என்றார்.

"கடைசியில இருக்குது சின்னம்மா. மொதல்லயே சொன்னா ஓடிப்போயிடறாங்க. உங்க மூட்டைய எங்க அத்தா வாங்கறாருன்னா, அவருக்கு உங்களத் தெரியும். இவங்களுக்கு உங்களத் தெரியாதே. மொதல்ல உள்ள வரட்டும், அப்பறம் தெரிஞ்சுக்குவாங்க."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பூருக்குத்தான் மனசு போயிருக்கும். "எடுத்துப் போட்டுரலயே? அடியில இருக்குதுல்ல?" என்று கேட்டார்.

"இருக்குது சின்னம்மா."

"அப்பச் செரி."

அந்த 'செரி' வாங்கியதைச் சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ரூம் ஓட ஆரம்பித்தது. ஈரோட்டிலிருந்து, சேலத்திலிருந்து, பெங்களூரிலிருந்து மெயில் வந்தது. வந்தவர்கள் முதல் பக்கத்தைத் தாண்டி, ரூம்களைப் பார்த்து, சுற்றிப் பார்க்கப் போய், நேராகத் தேதி நிரப்புகிற பக்கத்துக்கு வந்து நின்றார்கள். நான் மாடியில் உட்கார்ந்து தனியாகக் கைதட்டிக்கொள்வேன். பொங்கலுக்கு மகளும் மருமகனும் பேத்தியும் வந்தார்கள், வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. வாடகைக்கு ஒரு ஜீப் பிடித்து மருமகன் ஓட்டினான். பேத்தியின் இருமல் நின்றுவிட்டது என்று சின்னம்மா போனில் சொன்னபோது, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றேன். அவர் சிரித்தார். அந்த மாதிரி அவர் சிரித்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அந்தப் பருவத்து மிளகைச் சித்தப்பா கொண்டுவந்து இறக்கினார். அத்தா பழக்கதோஷத்தில் மேலே வழித்து ஒதுக்கக் கையை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். மேலே மணிமணியாக இருந்தது. கையை அடியில் விட்டுப் பார்த்தார், அங்கே பொக்கு.

"என்னப்பா, உங்க மூட்டையும் ஊரோட சேந்துருச்சா?"

சித்தப்பா உற்சாகமாக, "வெப்சைட்டே அப்பிடித்தான் பண்றாங்க பாய். நல்லத மேல வெச்சாத்தான் நிக்கறாங்களாம், பாப்பாவே சொல்லுச்சு" என்று என்னைக் காட்டினார்.

அத்தா என்னைப் பார்த்தார். விலையை மட்டும் குறைத்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என்னமோ சித்தப்பாவுக்கு வக்காலத்து வாங்குகிறவள் மாதிரி, "அதுல என்னத்தா தப்பு?" என்று கேட்டுவிட்டு மாடியேறிவிட்டேன்.

பங்குனி வெயிலில் பெங்களூரிலிருந்து ஒரு மெயில் வந்தது. பெரியவர்கள் இரண்டு, குழந்தைகள் இல்லை, வெள்ளி முதல் ஞாயிறு வரை. நான் "வாருங்கள்" என்று போட்டேன். போன் செய்திருந்தால் சின்னம்மா எடுத்திருப்பார், எடுத்ததும் வளைவில் ஆரம்பித்திருப்பார். அந்த வேலையே வேண்டாம் என்றுதான் நான் மெயில் வைத்திருந்தேன்.

அந்தப் பெண் மாசமாக இருந்தாள். ஐந்து முடிந்து ஆறு. குழந்தை பிறந்துவிட்டால் எங்கேயும் போக முடியாது என்று, அமைதியான இடமாகப் பார்த்து அவள்தான் தேடிக் கண்டுபிடித்தாளாம். அத்தனை வளைவையும் ஏறி வந்து இறங்கியவளைப் பார்த்ததும் சின்னம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். உட்கார வைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்து, "இந்த வயித்தோட ஏன் சாமி வந்தே?" என்று கேட்டிருக்கிறார். அவள், "நல்லாத்தான் இருக்கேன்மா, இடம் படத்துல பாத்த மாதிரியே இருக்கு" என்று சிரித்தாளாம். மறுநாள் மத்தியானம் வலி வந்துவிட்டது, உதிரமும் பட ஆரம்பித்துவிட்டது. அவள் புருஷனுக்குக் கைகால் ஓடவில்லை. மருமகன்தான் ஜீப்பை எடுத்தான். மகள் பின்சீட்டில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மேலே ஏறிய வளைவையெல்லாம் அப்படியே கீழே இறங்கினார்கள்.

சித்தப்பா போன் செய்தபோது நான் சென்டரில் இருந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? முதலில் பிரிண்டரை ஆன் செய்தேன். 'மற்ற தகவல்கள்' பக்கத்தை பிரிண்ட் எடுத்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். போகிற வழியெல்லாம் மனசுக்குள் நியாயம் பேசிக்கொண்டே போனேன். நாங்கள் போட்டிருக்கிறோம், அவர்கள் படிக்கவில்லை, படித்தவர்கள்தானே, எங்கள் மேல் என்ன தப்பு? யா அல்லா, அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று அந்த இரண்டு தெருவில் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் புருஷன் நின்று கத்திக்கொண்டிருந்தார். "ஒரு வார்த்தை போட வேணாமாங்க? இவ்வளவு போட்டோ போடத் தெரியுது, ஒரு வார்த்தை?" எதிரில் மகள் நின்றிருந்தாள். சேலையெல்லாம் ரத்தம். "மன்னிச்சுக்கங்க சார், நாங்க சொல்லியிருக்கோணும்" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வெப்சைட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தே இராதவள் அவள்.

நான் பேசாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "போட்டிருக்கோங்க சார்" என்று காகிதத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

அவர் அதை வாங்கி நிதானமாகப் படித்தார். கர்ப்பிணிகள் வர வேண்டாம் என்ற வரியில் விரலை வைத்து, "இது எங்க இருந்துச்சு?" என்றார்.

"கடைசிப் பக்கத்துலங்க சார்."

"கடைசியிலயா?"

அவ்வளவுதான் கேட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஏதாவது பூசி மெழுகியிருப்பேன். காகிதத்தை நான் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, டாக்டர் கூப்பிடுகிறார் என்று உள்ளே போய்விட்டார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஆம்புலன்ஸில் சேலத்துக்குக் கொண்டு போனார்கள். அப்புறம் என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. மெயிலில் அவர்கள் கொடுத்திருந்த நம்பருக்கு மறுநாள் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இன்னொரு நாள் செய்தேன், அப்போதும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் நான் செய்யவில்லை. தெரியாமல் இருக்கிற வரைக்கும், குழந்தை நல்லபடியாகப் பிறந்து வளர்ந்து எங்கேயோ நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? கோழைத்தனம்தான். இல்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மலைக்குப் போனேன். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் பலகை வந்தது. 'அழகான' என்று தட்டிய கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோளக்காட்டில் இறங்கி, அங்கிருந்து வாசலூர்பட்டிக்கு வேறு வண்டி பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது சின்னம்மா முற்றத்தில் ரூம் துணிகளைத் துவைத்து, ஏரியை மறைத்துக்கொண்டு கொடியில் போட்டிருந்தார். என்னைப் பார்த்து, "வா கண்ணு, சாப்புட்டயா?" என்றார். எப்போதும் கேட்கிற மாதிரியேதான் கேட்டார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "என்னைத் திட்டுங்க சின்னம்மா" என்று நானே கேட்டேன், அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எதுக்கு? நானுந்தானே செரின்னேன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த துணியைப் பிழிந்தார். "எம்புள்ள வந்து சேரோணும்னு செரின்னேன். அந்தப் புள்ளையும் ஒருத்தி பெத்த புள்ளதான?"

சாப்பிட்டு முடித்தபின், எல்லாவற்றையும் பழையபடி மேலே வைக்கச் சொன்னார். சித்தப்பா எகிறிக் குதித்தார். "அதப் போட்டா எவன் வருவான்? பழையபடி பூட்டிப்போட்டு ஒக்காந்துக்கறதா? ஒருத்திக்கு அப்பிடி ஆச்சுன்னா எல்லாருக்குமா ஆவும்?"

படம் மேலே இருக்கட்டும், எச்சரிக்கையை உடனே அதற்குக் கீழேயே பெரிய எழுத்தில் வைத்துவிடலாம் என்று நான் நடுவில் புகுந்து சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கண் கீழே இறங்கும்போது அது அரைக்கண்ணாகத்தான் இறங்கும். சென்டரில் பின்னால் நின்று அதைத்தானே நாள் பூராவும் பார்த்தேன்? ஆனாலும் சொன்னேன்.

அதுவரை தன் குழந்தைக்குச் சாமைச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "படத்துக்கு மேலயே போடுங்கக்கா."

"போட்டா நீ எங்க போவ?" என்று சித்தப்பா அவள்மேல் பாய்ந்தார்.

"இருந்த எடத்துக்குத்தான் போவேன். அந்தப் பொண்ணு எம் மடியில படுத்துக்கிட்டு, ஒவ்வொரு வளைவுலயும் இன்னும் எத்தன இருக்குதுன்னு கேட்டுக்கிட்டே வந்துச்சுங்க அப்பா. நான் பொய் சொல்லிக்கிட்டே வந்தேன். கொஞ்சந்தான், கொஞ்சந்தான்னு."

குழந்தை இன்னொரு வாய் கேட்டு அவள் கையை இழுத்தது.

மறுநாளே மாற்றினேன். முதல் பக்கத்தில் படத்துக்கு மேலே வளைவு, குமட்டல், அட்டை, கரண்ட், டாக்டர். மாசமாக இருக்கிறவர்கள் வர வேண்டாம் என்பது முதல் வரி. 'அழகான' என்பதை அடித்தேன். மெயில் பக்கத்தை எடுத்துவிட்டுச் சின்னம்மா வீட்டுப் போன் நம்பரை மட்டும் வைத்தேன். ஆனால் உள்பக்கங்களை அப்படியே விட்டேன், அவற்றை மனசாரத்தான் எழுதியிருந்தேன். முற்றத்தில் காயும் மிளகு வாசம், காலையில் ஏரிப்பக்கமிருந்து வருகிற குளிர், சின்னம்மா வைக்கிற கோழிக்குழம்பு எல்லாம் அவற்றில் இருந்தன.

சித்தப்பா சொன்னதுதான் நடந்தது. காலையில் கணக்கைத் திறந்தால் எல்லோரும் முதல் பக்கத்திலேயே திரும்பியிருப்பார்கள். எப்போதாவது ஒருத்தர் முழுக்கப் படித்துவிட்டு, அட்டைக்கு உப்பு கொண்டு வரவா என்று போன் செய்து கேட்டுக்கொண்டு வருவார். அப்படி வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள். ஆனால் அந்த நாலு பேரை வைத்து ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. வாடகை ஜீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மிளகு மூட்டையின் மேலே மறுபடியும் பொக்கு வந்தது. அத்தா அதை வழித்து ஒதுக்கிவிட்டு, பழைய விலையைப் போட்டார். எனக்கு மட்டும் எதுவும் பழையபடி ஆகவில்லை. இந்தப் பக்கம் திரும்பினால் பேர்கூடத் தெரியாத அந்தப் பெண், அந்தப் பக்கம் திரும்பினால் சின்னம்மாவின் மகள். ஒருத்தியை வர வைத்தேன், ஒருத்தியைப் போக வைத்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஒரு நாள் மகள் சென்டர் படியேறி வந்தாள். இடுப்பில் குழந்தை. கீழே மருமகன் மூட்டைமுடிச்சுகளோடு நாமக்கல் பஸ்ஸுக்கு நின்றிருந்தான். அங்கே போய் திருப்பூர் பஸ் மாற வேண்டும். மலைப் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது, இன்னும் நேரம் இருக்கிறது என்றாள்.

"அந்த வெப்சைட்டக் காட்டுங்கக்கா. நான் பாத்ததே இல்ல."

மறுப்பதற்கு என்ன இருக்கிறது? நாற்காலியை இழுத்துப் போட்டுத் திறந்து கொடுத்தேன். வழக்கம்போல அவள் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

முதல் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். முதல் வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கீழே வந்தாள். படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல இறங்கியது. பனி வந்தது, ஏரி வந்தது, முற்றத்து ஓரம் வந்தது. "அம்மாயி ஊடு!" என்று குழந்தை கத்திக்கொண்டு திரையைத் தொட்டது. அவள் அதன் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த பக்கம் எப்படிப் போவது என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். ரூம்களைப் படித்தாள். சுற்றிப் பார்க்கப் படித்தாள். மிளகு காய்கிற இடத்தில் லேசாகச் சிரித்தாள். கோழிக்குழம்பில் குழந்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். வரும் வழியையும் விடவில்லை, தன் ஊருக்குத் தானே வழி படித்தாள். கீழேயிருந்து, "பஸ் வந்துருச்சு, எறங்கி வா" என்று மருமகன் குரல் கொடுத்தான்.

"வாரனுங்க, இருங்க" என்றாளே தவிர எழுந்திருக்கவில்லை. ஹாரன் அடித்தது. அவள் கடைசிப் பக்கத்தில் கடைசி வரியை முடித்தாள். அதற்கப்புறம் பட்டன் எதுவும் இல்லை.

எழுந்து நின்று சேலையை உதறிச் செருகிக்கொண்டாள். குழந்தை நாற்காலியை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. விரல் விரலாகப் பிரித்து அதைத் தூக்கிக்கொண்டே, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்கக்கா" என்றாள். "படிச்சா அங்கயே போயி இருந்தரலாம்னு இருக்குது."

சொல்லிவிட்டு, திருப்பூருக்குப் போக பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.